சைட் கல் விழும் முன்: கொரங்காட்டையும் இட்டேரியையும் காக்க இறங்குவோருக்கு

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்தில் ஒரு காடு சைட்டாக (வீட்டுமனைப் பிரிவாக) மாறுவது ஜேசிபி வந்து நிற்கும் அன்று நடப்பதில்லை. பல மாதம் முன்பே காகிதத்தில் நடந்து முடிந்திருக்கும். ரோட்டோரத்துக் காட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கி, பவர் (விற்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்திருப்பார். பிறகு உள்ளே போகும் இட்டேரியின் (இரண்டு வேலிக்கு நடுவே போகும் மண் தடம்) ஒரு பக்கக் கிளுவை வேலி "வண்டி போக வழி வேணுமுங்க" என்று பிடுங்கப்படும். அப்புறம்தான் அளவை, வரைபடம், ஊராட்சித் தீர்மானம், வர்ணம் பூசிய கல். கல்லைப் பார்த்த பிறகு கூட்டம் கூட்டும் ஊர்தான் அதிகம். அகலமான தடம் இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி கிடைக்காது. அதனால் காவல் காக்க வேண்டிய முதல் இடம் தடம்தான்.

கொங்கில் 'காடு' என்றால் வனம் அல்ல, மானாவாரி பூமி. கொரங்காடு என்பது அதிலும் தனி வகை: கிளுவை முள்வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வைத்து, உழாமல் மேய்ச்சலுக்கே விடும் நிலம். காங்கேயம் மாடு நிலைத்தது இதை நம்பித்தான். கொரங்காடு பெரும்பாலும் பட்டா நிலம். இட்டேரி, பள்ளம் (ஓடை), மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவை பொதுவானவை. இரண்டையும் காக்கும் வழி வேறு வேறு. புதிதாக இறங்குபவர்கள் இதைக் குழப்பிக்கொண்டு, பட்டாக்காரரிடம் "இது ஊர் சொத்து" என்று பேசப் போய், முதல் நாளே பகையைச் சம்பாதித்துக்கொள்கிறார்கள்.

பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் வருவாய் கிராமத்தின் புல எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'அ' பதிவேட்டு விவரத்தைத் தமிழக அரசின் இணையச் சேவையில் பார்க்கலாம். நிலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா), புறம்போக்கா, தரிசா என்பது அதில் தெரியும். புறம்போக்கு என்றால் எந்த வகை என்பதுதான் முக்கியம்: மேய்ச்சல், பாதை, ஓடை, களம், மயானம், நத்தம் (குடியிருப்பு நிலம்). மேய்ச்சல் தரை, களம், மந்தை போன்றவை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி ஊராட்சியின் பொறுப்பில் வருகின்றன. 'தீர்வை ஏற்பட்ட தரிசு' (வரி நிர்ணயித்தும் யாருக்கும் பட்டா இல்லாத அரசு நிலம்) என்று இருந்தால் கவனமாக இருங்கள். ஒப்படையாகவோ (தனியாருக்கு அரசு நிலத்தை ஒதுக்கித் தருவது) தொழிற்பேட்டைக்கோ முதலில் போவது அந்த வகைதான். 'பஞ்சமி' என்ற குறிப்பு கண்ணில் பட்டால் அது பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கிய நிலம். அதை ஊர்ப் பொதுவில் சேர்க்காதீர்கள்.

பரப்பு ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று இருக்கும். 1.21.50 என்றால் 1 ஹெக்டேர் 21 ஏர் 50 சதுர மீட்டர், அதாவது 3 ஏக்கர். 1 ஏர் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்ஸ் கணக்கில் வரும். 1 லிங்க் 7.92 அங்குலம், 100 லிங்க்ஸ் 66 அடி. இதைத் தெரியாமல் அடி என்று படித்துவிட்டு, இட்டேரி அகலம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு.

இன்றைய பதிவேடு மட்டும் போதாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர்.-இல், பொது நிலம் தனியார் பெயருக்கு ஏறியதும் உண்டு, பாதை மறைந்ததும் உண்டு. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, புல எண் வாரியாக ஒப்பிடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் மனு எழுதினால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவில் "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "புல எண் இத்தனைக்கு உரிய பழைய பதிவேட்டின் பக்க நகல், பழைய புலப்பட நகல், வகைமாற்ற உத்தரவு நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மனுவில் மூன்று நான்கு புல எண்ணுக்கு மேல் வேண்டாம். பட்டியல் நீண்டால் அதையே சாக்காக வைத்துத் தள்ளிவிடுவார்கள். யு.டி.ஆர். பிழை என்று தெரிந்தால் திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலரிடம். வி.ஏ.ஓ.-விடம் சண்டை போட்டுப் பயனில்லை.

இட்டேரியை நடந்து அளப்பது

கிராம வரைபடத்தில் இட்டேரி இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, தனிப் புல எண்ணோடு வண்டிப்பாதைப் புறம்போக்கு. இன்னொன்று, பட்டா நிலத்துக்குள்ளேயே இரண்டு காட்டுக்காரர்கள் அரைப் பாதி விட்டுக் கொடுத்து உண்டான தடம். முதலாவதை வருவாய்த்துறை மீட்டுத் தர முடியும். இரண்டாவது வழக்க உரிமை. யார் யார் எத்தனை வருடமாக நடக்கிறார்கள், பழைய பத்திரங்களில் நான்கெல்லையில் "இட்டேரிக்கு மேற்கு" என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் சாட்சி. அக்கம்பக்கத்துக் காடுகளின் மூலப் பத்திரங்களைத் தேடிப் படியுங்கள். நான்கெல்லைக் குறிப்புதான் இதில் பெரிய ஆயுதம்.

மூன்று பேர் போதும். ஒருவர் 30 மீட்டர் டேப் பிடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் போட்டோ எடுக்க. 50 மீட்டருக்கு ஒரு இடத்தில் வேலிக்கு வேலி அகலம், இரண்டு பக்கத்துப் புல எண், கண்ணில் பட்ட எல்லைக்கல், வேலி உயிரோடு இருக்கிறதா கம்பியா என்று குறியுங்கள். போனில் இருப்பிடக் குறியை இயக்கி வைத்துப் படம் எடுங்கள். பங்குனி, சித்திரையில் நடப்பது நல்லது. கிளுவை இலை உதிர்ந்து நிற்கும், கல் தெரியும். ஐப்பசியில் போனால் கொடியும் செடியும்தான் தெரியும்.

இந்த அளவையில் ஒரு கசப்பு வெளிவரும். இட்டேரியைத் தின்றது பெரும்பாலும் வெளியூர் புரோக்கர் இல்லை, பக்கத்துக் காட்டுக்காரர்தான். வருடம் ஒரு உழவுச் சால் என்று தள்ளித் தள்ளி 20 அடி தடம் 9 அடி ஆகியிருக்கும். இவர்களை முதலில் மனுவில் ஏற்றினால் ஊர் இரண்டாகும், புரோக்கருக்குக் கொண்டாட்டம். அளவையைக் கையில் வைத்துக்கொண்டு, தனித்தனியே வீட்டில் போய்ப் பேசி, "எல்லாரும் விடறாங்க, நீங்களும் விட்டுக் குடுங்க" என்று கேட்பதே சரி. ஒத்துக்கொண்டவர் பக்கத்தில் அந்த மழைக்கே வேலி வையுங்கள். அடுத்த வருடம் மனசு மாறும். ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருவருக்கு மட்டும் வட்ட நில அளவையருக்குக் கட்டணம் கட்டி அளவை கேட்கலாம். ஆக்கிரமிப்பு உறுதியானால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நோட்டீஸ் போகும்.

யாரைச் சேர்ப்பது

பதிவு பெற்ற சங்கம் இருந்தால்தான் மனு செல்லும் என்பது தவறு. தனி ஆள் கொடுக்கும் மனுவும் செல்லும். வங்கிக் கணக்கு, வழக்கு என்று வந்தால் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் 7 பேர் சேர்ந்து பதியலாம்.

அந்த 7 பேரும் தோட்டக்காரர்களாக (கிணற்றுப் பாசன பூமி உள்ளவர்களாக) மட்டும் இருந்தால் வேலை பாதியில் நிற்கும். மேய்ச்சல் புறம்போக்கை அன்றாடம் பயன்படுத்துவது சொந்த பூமி இல்லாமல் நாலு ஆடு வைத்திருக்கும் குடும்பங்கள். அவர்களுக்கே வீட்டுமனைப் பட்டாவும் வேண்டும். "மேய்ச்சல் நிலத்தைத் தொடாதே" என்று தோட்டக்காரர்கள் சொல்ல, "எங்களுக்கு வீடு வேண்டாமா?" என்று அவர்கள் கேட்க, நடுவில் நிலம் போய்விடும். நத்தத்தை ஒட்டி வீட்டுக்கு ஏற்ற துண்டு எது என்று முதலிலேயே சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்து, அதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள்.

கிராம சபைத் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வருகைப் பதிவேட்டில் உங்கள் ஆட்கள் கையெழுத்திட்டார்களா என்று பாருங்கள். விவாதப் பொருளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

தீர்மான வாசகம் இப்படி இருக்கலாம்: "___ வருவாய் கிராமம், புல எண் ___, பரப்பு ___ ஹெக்டேர், 'அ' பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு என உள்ள நிலத்தை வேறு பயனுக்கு வகைமாற்றமோ ஒப்படையோ குத்தகையோ செய்யக் கூடாது எனவும், எல்லை அளந்து கல் நட வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது எனவும் தீர்மானிக்கப்படுகிறது." புல எண்ணும் பரப்பும் இல்லாத தீர்மானம் மேடைப் பேச்சுக்குச் சமம். "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்றால் விடாதீர்கள். எண் போட்டு எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கலையுங்கள். ஒரு வாரத்தில் நகல் கேளுங்கள்.

இந்தத் தீர்மானம் அரசைக் கட்டிப்போடாது. வகைமாற்றம் அரசின் அதிகாரம். ஆனால் கோப்பில் ஊராட்சியின் கருத்து என்று ஒரு காகிதம் போக வேண்டியிருக்கும்போது, ஏற்கெனவே எண்ணோடு ஒரு மறுப்பு இருப்பது பெரிய தடை. நீதிமன்றம் போனாலும் அதுதான் முதல் ஆவணம். பொது நிலங்களை மீட்டு ஊருக்குத் திரும்பக் கொடுக்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

ஊராட்சி அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழு, பெயரளவில் எல்லா ஊரிலும் உண்டு. மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் இட்டேரிச் செடிகளும் பறவைகளும் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஈரோடு மாவட்டத்து எலத்தூர் ஏரி 2025-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது கிடைக்காது. பதிவேடு எல்லாருக்கும் கிடைக்கும்.

சும்மா கிடந்தால் போய்விடும்

மேயாத மேய்ச்சல் நிலம் சீமைக் கருவேலமாகும். சீமைக் கருவேலம் நிறைந்தது "உபயோகமற்ற தரிசு" என்று அறிக்கையில் எழுதப்படும். காகித வேலையை விட இதில்தான் உழைப்பு அதிகம் போகும்.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் தூருக்கு நாலு கிளை வெடிக்கும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது சிறு செடிகளைக் கையாலும், பெரியதை இயந்திரத்தாலும் எடுங்கள். பள்ளத்துக் கரையில் இயந்திரம் வேண்டாம், கரை சரியும். புறம்போக்கில் மரத்தை எடுக்கும் முன் ஊராட்சி, வருவாய்த்துறை இரண்டின் எழுத்து அனுமதி கட்டாயம். இல்லாவிட்டால் நிலத்தைக் காக்கப் போனவர் மேலேயே வழக்கு வரும்.

புல்லுக்கு கொழுக்கட்டையே சரி. புது விதையைச் சேகரித்த உடனே விதைத்தால் முளைக்காது. உறக்கநிலை தீர ஆறு மாதமாவது வைத்திருந்து விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 3 கிலோ. விதை பஞ்சு மாதிரி பறக்கும். ஈர மணலோடு பிசைந்து தூவுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் வராது. கூடவே முயல்மசால் (பயறு வகைத் தீவனச் செடி) ஏக்கருக்கு ஒரு கிலோ கலந்தால் புரதம் சேரும். அதன் விதைத்தோல் கடினம், 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டு எடுத்து உலர்த்தி விதையுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் விதை வெந்துவிடும். புரட்டாசி மழைக்கு முன் விதைத்து, 70 நாளாவது ஆடுமாடு விடாமல் அடைத்து வையுங்கள். முதல் வருடம் விதை கட்டிக் கொட்டிய பிறகு மட்டும் மேய்ச்சல். இந்த அடைப்புக் காலத்தில்தான் ஊரில் தகராறு வரும்; மொத்தத்தையும் அடைக்காமல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வருடம் ஒன்றாக அடைத்தால் யாருக்கும் ஆட்டை விற்க வேண்டி வராது.

உயிர்வேலிக்குக் கிளுவைப் போத்து. இலை உதிர்ந்திருக்கும் கோடையில், கட்டைவிரலை விடப் பருமனான, நாலு அடி நீளக் கிளைகளை வெட்டி, சில நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காயவிடுங்கள். பால் வடிய நட்டால் அழுகும். முதல் மழைக்குச் சற்று முன் ஒரு அடி ஆழத்தில், சாண் இடைவெளியில் நடுங்கள். ஒரு சாண் என்பது நெருக்கமாகத் தெரியும். ஆனால் கால்வாசி பட்டுப்போகும். தலைகீழாக நட்டு வைக்கும் தவறும் சாதாரணம், அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு இடையிடையே வேல முள் சொருக வேண்டும். நடும் கோடு அளந்த எல்லைக்குள் இருக்கட்டும். எல்லை மீறி வைத்த வேலி நாளைக்கு உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

வெள்வேலத்தை வைக்கத் தேவையில்லை, வந்ததைக் காத்தால் போதும். மாசிக்கு மேல் அதன் காய் உதிர்வது, புல் தீர்ந்த கோடையில் ஆடுமாட்டுக்கு உயிர்.

பட்டாக் காட்டுக்காரரிடம் பேசுவது

மழை 600 மில்லிமீட்டர் அளவுதான், கிணறு வற்றியது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மகள் கல்யாணம். விற்பவர் காரணம் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். "விக்காதீங்க" என்று சொல்வதற்கு முன் காசுக்கு ஒரு வழி சொல்ல வேண்டும். ஆளில்லாத கொரங்காட்டை மேய்ச்சல் குத்தகைக்கு எடுக்க ஆட்டுக்காரர்கள் உண்டு; உரிமையாளர் தயங்குவது குத்தகைக்காரர் நிலைத்துவிடுவாரோ என்ற பயத்தால். ஒரு வருடத்துக்கு உட்பட்ட மேய்ச்சல் உரிமம் என்று, உழவுக்கு அல்ல என்று தெளிவாக எழுதி, வருடா வருடம் புதுப்பித்தால் அந்தப் பயம் குறையும். எழுதித் தருவது உள்ளூர் வழக்கறிஞராக இருக்கட்டும்.

"நம்ம ஊரில் யாரும் சைட்டுக்கு விக்கக் கூடாது" என்று நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கும் யோசனை அடிக்கடி வரும். விற்கவே கூடாது என்ற முழுத் தடை சட்டப்படி செல்லாது. அந்தக் காகிதத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். "விற்பதானால் முதலில் பங்காளிக்கும் பக்கத்துக் காட்டுக்கும் கேள்வி" என்ற பழைய ஊர் வழக்கத்தை உயிர்ப்பிப்பது அதைவிடப் பயன் தரும். உயில் இல்லாமல் இறந்தவரின் நிலத்தில் ஒரு வாரிசு தன் பங்கை விற்க முனைந்தால், மற்ற முதல் வகுப்பு வாரிசுகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு முன்னுரிமை தருகிறது. அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாகம் பிரியும் முன் இதைக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள், பிரிந்த பின் பயனில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரோட்டோரப் புல எண்களுக்கு வில்லங்கம் பாருங்கள், பவர் பதிவு அதில் தெரியவரும். விவசாய நிலத்தை மனையாக்க, முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவுப்படி அனுமதி வேண்டும். வேளாண்துறைக் கருத்தும் ஆட்சியர் இசைவும் அதில் உண்டு. வேளாண் இணை இயக்குநருக்கு உங்கள் ஆட்சேபணை அந்தக் கட்டத்திலேயே போய்ச் சேர வேண்டும். முழுமைத் திட்டப் பகுதி என்றால் வரைவு வெளிவரும்போது உங்கள் புல எண் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கோவைக்கான 2041 வரைவு 2024-இல் வந்தபோது ஆட்சேபணை கேட்டார்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டவருக்குப் பின்னால் வாய்ப்பு மிகக் குறைவு.

"பண்ணை நிலம், 15 சென்ட், தென்னங்கன்று இலவசம்" என்ற விளம்பரம் வேறு தந்திரம். அனுமதியற்ற மனைகளைப் பதியக் கூடாது என்ற பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைத் தாண்ட, விவசாய நிலம் என்றே துண்டு துண்டாக எழுதுவார்கள். உள்ளே தார் ரோடும் கல்லும் இருக்கும் படத்தோடு சார்பதிவாளருக்கும் மாவட்ட ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள்.

அரசே எடுக்க வந்தால்

முதலில் எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று படியுங்கள். மற்ற எல்லாம் அதைப் பொறுத்தது. 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் என்றால் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு, முதல்நிலை அறிவிப்பிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபணை. சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) போன்றவற்றுக்குப் பயன்படும் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தில் அந்த மதிப்பீடும் ஒப்புதல் விழுக்காடும் கிடையாது. 2019-இல் உயர் நீதிமன்றம் முடக்கிய அந்தச் சட்டத்தை அதே ஆண்டு அரசு மீண்டும் உயிர்ப்பித்தது, 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. "80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும்" என்று அங்கே போய் வாதிட்டால் எடுபடாது. குழாய்ப் பாதை என்றால் நிலத்தை வாங்க மாட்டார்கள், பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுப்பார்கள். 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சேபணைக்கு 21 நாள்தான். மேற்கு மாவட்டங்களின் கெயில் எரிவாயுக் குழாயை விளைநிலத்தில் பதிக்கக் கூடாது என்று 2013-இல் மாநில அரசு போட்ட உத்தரவு, அதே ஆண்டு உயர் நீதிமன்றத்திலும் 2016-இல் உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

கோவை மாவட்டத்து அன்னூரில் நடந்தது வேறு. 2021-இல் 3,800 ஏக்கருக்கு மேல் தொழிற்பேட்டைக்கு என்று அரசாணை வந்தது. தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 2022 டிசம்பரில், தனியார் நிறுவனத்திடம் உள்ள சுமார் 1,630 ஏக்கர் மட்டுமே, உழவர் நிலம் விருப்பமில்லாமல் எடுக்கப்படாது என்று அரசு அறிவித்தது. கூட்டாகப் போராடினாலும் ஆட்சேபணையைப் புல எண் வாரியாக ஒவ்வொருவரும் தனித்தனியே கொடுங்கள். கிணறு, மரம், மாட்டுக் கணக்கு, வேலி நீளம் எல்லாம் அதில் இருக்கட்டும். பொதுவான ஒரே நகலில் 300 கையெழுத்து என்றால் ஒரே மனுவாக எண்ணி ஒரே வரியில் தள்ளுபடி செய்வது சுலபம்.

வருடத்தில் தவறவிடக் கூடாத ஒரு நாள் ஜமாபந்தி (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை). மே, ஜூன் வாக்கில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகள் மேசைமேல் இருக்கும். அடங்கலில் (சாகுபடிப் பதிவேடு) உங்கள் கொரங்காடு 'தரிசு' என்று விழுந்திருக்கிறதா 'மேய்ச்சல்' என்று இருக்கிறதா, புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு பி-மெமோ (ஆக்கிரமிப்புக் குறிப்பு) போட்டிருக்கிறார்களா என்று அன்று கேளுங்கள். கொடுத்த மனுவுக்கு வரிசை எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த எண், அளவைக் குறிப்பு, தீர்மான நகல், வில்லங்கம், படங்கள் எல்லாம் ஒரே கோப்பில், இரண்டு நகலாக, இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும்.